கமராவுக்குக் காது எங்கே?

1. முதுகு வீடியோ

"நான் காசு தந்தது முதுகு பாக்கிறதுக்கா தம்பி?" என்று மணப்பெண்ணின் வாப்பா கேட்டார். அவர் கையில் இருந்தது நான் எடுத்துக் கொடுத்த கல்யாண சீடி. அதில் முக்கால்வாசி முதுகுதான்.

நடந்தது மருதமுனையில். அந்த வாப்பா நூல் வியாபாரி, கையில் கொஞ்சம் காசு புழங்கிய மனிதர். "நிக்காஹ்வ எல்லாரும்தான் எடுக்காங்க. உள்ளுக்கு மகளையும் எடுக்கணும். நான் வாசல்ல நிக்கிறன், நீங்க பயப்படாம வாங்க" என்று அவரே கூட்டிப் போனார். தோளில் தூக்குகிற பெரிய வீடியோ கமரா, அதன் தலையில் பூட்டிய லைட், பின்னால் இழுபட்டு வரும் வயர். பெண்கள் அறை வாசலில் நின்று பிஸ்மில்லாஹ் சொல்லி லைட்டைப் போட்டேன்.

பாம்பு நுழைந்திருந்தால்கூட அவ்வளவு கூச்சல் வந்திருக்காது. இருந்த பெண்கள் எல்லாரும் முக்காட்டை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார்கள். ஒரு தலையணை வந்து லைட்டில் பட்டது. மணப்பெண்ணை இரண்டு பேர் பாயைத் தூக்கி மறைத்தார்கள். நூல் வியாபாரியை அவர் மனைவி கேட்ட கேள்வியை நான் எழுத மாட்டேன். நானும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு வெளியே ஓடினேன். கமரா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு சில மாதம் எனக்கு ஊரில் "முதுகு வீடியோக்காரர்" என்று பெயர். பள்ளிவாசலில் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூ செய்கிற இடத்திலும் கேட்பார்கள், "காக்கா, இண்டைக்கு எந்த ஊட்டு முதுகு?" காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன், ராத்தா என்றால் அக்கா.

கமரா வாங்க நினைக்கிற தம்பிமாருக்காக இதை எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கமராவோடு வருகிற புத்தகத்தை வாசித்து நான் தொழில் பழகவில்லை, பொத்தானை அமத்தி அமத்திப் பழகினேன். கீழே வருகிறவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். புறம் பேசிய பாவம் எனக்கு வேண்டாம். ஆனால் நடந்ததை மாற்றவில்லை.

2. வாளி

சாய்ந்தமருதில் கடலுக்குக் கிட்ட என் ஸ்டூடியோ இருந்தது. சுனாமி அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. கூரையும் இல்லை, ஆட்களை இருத்திப் படம் எடுத்த கதிரையும் இல்லை, பின்னால் தொங்கவிட்ட சுவிட்சர்லாந்து மலைச் சீலையும் இல்லை. எங்கள் உயிரை அல்லாஹ் விட்டு வைத்தான், அல்ஹம்துலில்லாஹ். அந்தக் காலையில் எத்தனையோ வீட்டில் அதுவும் மிஞ்சவில்லை. ஆகவே ஸ்டூடியோவுக்காக நான் அழவில்லை.

பிறகு உதவி செய்கிறவர்கள் வந்தார்கள். எனக்கு முதல் வேலையைத் தந்தது வாளிதான். ஒரு வாளி, அதற்குள் சவர்க்காரம், சீப்பு, உடுக்க ஒரு சாரம். கொடுக்கிறவர் ஒரு பக்கம், வாங்குகிறவர் மறுபக்கம், நடுவில் வாளி. கொடுக்கிறவர் கமராவைப் பார்ப்பார், வாங்குகிறவர் வாளியைப் பார்ப்பார். "அவரையும் இஞ்சால பாக்கச் சொல்லுங்க" என்பார்கள். "கொஞ்சம் கவலையாப் பாக்கச் சொல்லுங்க" என்று கேட்டவர்களும் உண்டு. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த மனிதனிடம் போய்க் கவலையாகப் பார் என்று எப்படிச் சொல்வது? நான் "ஓம்" என்று சொல்லிவிட்டு அப்படியே எடுத்துக் கொடுத்தேன். அவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒரே வாளியை மூன்று ஆட்கள் கையில் மாற்றி மாற்றிக் கொடுத்து எடுத்த நாளும் இருந்தது. வாளி ஒன்றுதான், படம் மட்டும் நிறைய.

அந்த வேலையில் சேர்ந்ததை வைத்து, யாரோ பாவித்துவிட்டு விற்ற பெரிய வீடியோ கமரா ஒன்று வாங்கினேன். பெரிய கமரா இருந்தால்தான் கல்யாண வீட்டுக்காரர் மதிப்பார்கள் என்று நினைத்தேன். முதலில் அதை மதித்தது ஆமிக்காரர்தான். யுத்தம் நடந்த காலம். ஒவ்வொரு சாவடியிலும் பெட்டியை இறக்கி, "மேக்க மொகக்த?" என்று கேட்பார்கள். சிங்களத்தில் இது என்ன என்று அர்த்தம். கமரா என்று சொன்னால் போதாது. அவர்களை எடுத்து, அவர்களுக்கே போட்டுக் காட்ட வேண்டும். காட்டினால் தலையைச் சீவிக்கொண்டு வந்து இன்னொரு தடவை எடுக்கச் சொல்வார்கள். அக்கரைப்பற்றில் நிக்காஹ் முடிந்து சாப்பாட்டுக்குக் கை கழுவுகிற நேரத்தில் நான் போய்ச் சேர்ந்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் மேலேதான் மருதமுனை முதுகு வந்து சேர்ந்தது.

அன்று வீட்டுக்கு வந்து கமராவை மேசையில் வைத்தேன். என் மனைவி ஹாஜறா அதைச் சுற்றிப் பார்த்தாள்.

"பொண்டுகள எடுக்கிறதுக்குப் பொம்புள போகணும். இதுல என்ன பெரிய யோசின?" என்றாள்.

"ஆரு போற?"

"நான் போறன். ஆனா இந்த ஆட்டுக்கல்லத் தூக்க என்னால ஏலா. கைக்குள்ள அடங்கிற ஒண்டு வாங்கித் தாங்க. போட்டோவும் எடுக்கணும், வீடியோவும் எடுக்கணும். விலையும் நோகக் கூடா."

இதுதான் எனக்குக் கிடைத்த ஓர்டர். பதினெட்டு வருசத் தொழிலில் இவ்வளவு தெளிவாக யாரும் எனக்கு ஓர்டர் தந்ததில்லை.

3. மெகாபிக்சல் ஓதுகிறவர்கள்

யுத்தம் முடிந்திருந்தது. கொழும்புப் பாதை திறந்து, கல்முனைக் கடைகளில் சின்னக் கமராக்கள் மீன் மாதிரிக் குவிந்து கிடந்தன. சிவப்பு, நீலம், ரோசா நிறம். ஒரு கடைக்குள் போனேன். தலைக்கு ஜெல் பூசிய தம்பி ஒருவர் நின்றார்.

"போட்டோவும் வீடியோவும் எடுக்க ஒரு சின்னக் கமரா காட்டுங்க தம்பி."

"பன்னெண்டு மெகாபிக்சல் காக்கா."

"வீடியோ எப்பிடி?"

"பன்னெண்டு மெகாபிக்சல்."

"டியூப் லைட் வெளிச்சத்தில எடுத்தா முகம் தெரியுமா?"

"காக்கா, அடுத்த கடையில பத்துத்தான். நாங்க பன்னெண்டு."

பாங்கு சொன்னால்கூட இவர் பன்னிரண்டு என்றுதான் பதில் சொல்வார் என்று எனக்குப் பட்டது. தம்பிமாரே, மெகாபிக்சல் என்பது படத்தைச் சுவர் அளவுக்குப் பெருப்பிப்பவனுக்குத் தேவை. நம்மவர்கள் பெருப்பிப்பது தபால் அட்டை அளவுக்குத்தான். வீடியோவுக்கு அதனால் எந்த உதவியும் இல்லை. ஆனால் வாங்க வருகிறவர்களும் அதையே கேட்டார்கள். "உன்ட எத்தின? என்ட பன்னெண்டு." நெல் மூடை எண்ணுகிற மாதிரி.

இதற்கிடையில் என் மச்சான் கத்தாரிலிருந்து வந்தார். ஹாஜறாவின் தம்பி. கழுத்தில் ஒரு கமரா தொங்கியது. "மச்சான், கடையெல்லாம் போகாதீங்க. இதப் பாருங்க. ஆக்கள் சிரிச்சாத் தானா எடுக்கும். நாம பொத்தான் அமத்தத் தேவையில்ல."

"சிரிக்காட்டி?"

"எடுக்காது. அதான் இதுட விசேசம்."

வீட்டு ஆட்களை எல்லாம் முற்றத்தில் இருத்தி, நடுவில் என் மாமனாரை வைத்து, கமராவைக் கவிழ்த்து வைத்த மண் முட்டியின் மேல் நிறுத்தினார். என் மாமனார் வயல்காரர். அவர் சிரித்ததை அவருடைய சொந்தப் பிள்ளைகளே பார்த்ததில்லை. கமரா அவருடைய முகத்தில் ஒரு மஞ்சள் கட்டத்தைப் போட்டுக்கொண்டு காத்திருந்தது.

"வாப்பா, கொஞ்சம் சிரிங்க."

"என்னத்துக்கு?"

"கமரா எடுக்கணுமே."

"எடுக்கட்டுமே. நான் என்ன பிடிச்சிக்கிட்டா நிக்கிறன்?"

நாங்கள் எல்லாரும் சிரித்துச் சிரித்து வாய் நொந்தது. அவர் சிரிக்கவில்லை, கமராவும் எடுக்கவில்லை. அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் அவர் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். காலியான கதிரையைக் கண்டு நாங்கள் சிரித்தபோது கமரா "டிக்" என்றது. அந்தப் படம் இன்றும் இருக்கிறது. வெறும் கதிரையைச் சுற்றி ஒரு குடும்பம் விழுந்து விழுந்து சிரிக்கிறது.

கடைசியில் ஹாஜறாவையே கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். பன்னிரண்டு தம்பி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அவள் நிறத்தையும் பார்க்கவில்லை, எண்ணையும் பார்க்கவில்லை. ஒரு கமராவை எடுத்து, கடையின் இருட்டு மூலையில் நின்ற என்னைப் பிடித்து, "பிஸ்மில்லாஹ், இது என்ட மாப்புள, முதுகு வீடியோக்காரர்" என்று சொன்னாள். உடனே போட்டுப் பார்த்தாள். என் முகம் தெரிந்தது. அவள் குரல் கேட்கவில்லை. கரகரவென்று சத்தம் மட்டும்.

"தம்பி, இதுட காது எங்க இரிக்கி?"

"காதா ராத்தா?"

"சத்தம் போற ஓட்டை."

பன்னிரண்டு தம்பிக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. மூன்று பேரும் கமராவைத் திருப்பித் திருப்பித் தேடினோம். கடை முதலாளியும் மூக்குக் கண்ணாடியோடு வந்து சேர்ந்தார். ஊசி குத்தின அளவில் ஓர் ஓட்டை, சரியாக விரல் பிடிக்கிற இடத்தில் இருந்தது. கமரா செய்தவன் படத்தைப் பற்றி மட்டும் யோசித்திருக்கிறான். மனிதனுக்குக் கை என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டான்.

அவள் தெரிந்தெடுத்தது தட்டின் கடைசியில் தூசியோடு கிடந்த வெள்ளி நிறக் கமரா. காது முன்பக்கம், கண்ணுக்கு மேலே இருந்தது. விரல் படாது, முக்காட்டுச் சீலையும் உரசாது. சாதாரண பென்டோர்ச் பற்றரி இரண்டு போட்டால் போதும். கரண்ட் நின்றாலும் முச்சந்திக் கடையில் பற்றரி வாங்கலாம். எல்லாக் கடையிலும் கிடைக்கிற மெமரி கார்ட்தான் அதற்கும். டியூப் லைட்டில் முகம் முகமாகத் தெரிந்தது. ஒரு குறை, வீடியோ ஓடும்போது சூம் வேலை செய்யாது. அதை நான் சொன்னேன்.

"கிட்ட வேணுமெண்டா நான் நடந்து கிட்டப் போவேன்தானே. அல்லாஹ் கால் தந்திரிக்கான்" என்றாள்.

"ராத்தா, இது பழைய மொடல். வெறும் எட்டுத்தான். ஆக்கள் சிரிப்பாங்க" என்றார் தம்பி.

"சிரிச்சா நல்லந்தானே. என்ட தம்பிட கமராவுக்கு அனுப்பி வைக்கிறன்."

விலையும் அந்தப் பன்னிரண்டின் விலையில் பாதி. நோகவில்லை.

4. அசையாத வீடியோ

சின்னக் கமராவுக்கு முதல் கல்யாணம் சுனாமி வீட்டுத் திட்டம் ஒன்றில் கிடைத்தது. மணப்பெண் ரிஸானா. அவளுடைய உம்மா கதீஜா. மீன்பிடிக்கப் போன கணவரைக் கடல் எடுத்த பிறகு, இரண்டு பெண் பிள்ளைகளோடு தகரக் கொட்டிலில் வருசக் கணக்காகக் கிடந்து, ஒவ்வொரு அரசாங்கக் கந்தோராக ஏறி இறங்கி இந்த வீட்டைப் பெற்றவர். இரண்டு அறை, ஒரு மண்டபம், பின்னால் சமைக்கிற குசினியோடு ஒட்டிய சின்ன அறை.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்கு. வீடில்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை இல்லை. வசதியுள்ளவர்கள் மகளுக்கொரு வீடு கட்டுவார்கள். வசதி இல்லாதவர்கள் தங்கள் வீட்டைக் கொடுத்துவிட்டு வளவின் பின்பக்கம் ஒதுங்குவார்கள். கடல் வந்து வீட்டை அள்ளிக்கொண்டு போனது. வழக்கத்தை மட்டும் அது ஏனோ தொடவில்லை. ஆகவே கதீஜா தன் ஒரே வீட்டையும் மகளுக்குக் கொடுக்கச் சம்மதித்தார். பெரியவர்கள் இருந்து பேசிய பேச்சில் ஒரேயொரு நிபந்தனை. பின்னறையில் கதீஜாவும் இளைய மகளும் இருப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஓம் என்றார்கள்.

மாப்பிள்ளை பைறூஸ் நெல் ஆலையில் வேலை செய்கிறவர், அதிகம் பேசாத பிள்ளை. அவர்தான் வீடியோவுக்கு ஓர்டர் தந்தவர். நான் வெளியே பந்தலில் ஆண்களை எடுத்தேன். ஹாஜறா சின்னக் கமராவைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது அவள் முகம் சரியில்லை.

"என்ன புள்ள, தலையணை எறிஞ்சாங்களா?"

"எறியல்ல. எல்லாரும் அப்பிடியே நிக்காங்க."

"நிண்டா நல்லந்தானே?"

"கல்லு மாதிரி நிக்காங்க! கமராவக் கண்டா வரிசையா நிண்டு, கைய ஒட்டிக்கிட்டு, பல்லக் காட்டிக்கிட்டு... 'எடுத்தாச்சா கா, எடுத்தாச்சா கா' எண்டு கேக்காங்க. இது வீடியோ, அசையுங்க, நடங்க, கதைங்க எண்டு தொண்ட கிழியக் கத்திட்டன். 'இந்தச் சின்னச் சாமானிலயா வீடியோ? போ கா, பொய் சொல்லாத' எண்டு சிரிக்காங்க."

எங்கள் ஊருக்கு வீடியோ என்றால் தோளில் தூக்குவது, லைட் எரிவது, வயர் இழுபடுவது. கைக்குள் அடங்குவது போட்டோ. போட்டோவுக்கு அசையக் கூடாது. பிளாஷ் அடிக்கும் வரைக்கும் மூச்சையும் அடக்க வேண்டும். அந்தக் கமராவில் வீடியோவுக்குப் பிளாஷ் இல்லை. ஆகவே அவர்கள் அடிக்காத பிளாஷுக்காகக் காத்துக்கொண்டே நின்றிருக்கிறார்கள்.

பெண்கள் பகுதியை ஹாஜறாதான் கணினியில் வெட்டி ஒட்டுவாள். அது நாங்கள் வைத்துக்கொண்ட ஒழுங்கு. நான் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேறு வேலை பார்ப்பேன். ஊர் வைத்த பெயர் வீண் போகவில்லை.

அன்று அவள் சிரித்துக்கொண்டே வெட்டினாள். எனக்குக் கேட்டது சத்தம் மட்டும். காது முன்பக்கம் உள்ள கமரா அல்லவா, தெளிவான சத்தம். பல்லைக் காட்டிக்கொண்டு உதட்டை அசைக்காமல் கதைத்தால் ஒரு மாதிரி வருமே, அந்தக் குரல். எல்லாப் பெண்களும் அதே குரலில். புரியாணிக்கு உப்பில்லை என்றார்கள். பொண்ணுக்குப் பவுடர் கூடிப் போச்சாம். போட்டோ எடுக்கும்போது கதைப்பது எங்கே கேட்கப் போகிறது?

அதற்குள் ஒரு குரல் வந்தது. மாப்பிள்ளையின் உம்மா சுலைஹா. பக்கத்தில் அவருடைய தங்கச்சி. எங்கள் பெண்கள் மூத்தவள் இளையவள் பாராமல் 'கா' போட்டுத்தான் கதைப்பார்கள்.

"ஊடு நல்லாத்தான் இரிக்கி கா. பெருநாள் முடியட்டும், ஊட்டு உறுதிப் பத்திரத்த மகன்ட பேருக்கு மாத்தணும்."

"ராத்தா, கதீஜாட பேச்சு?"

"என்ன பேச்சு? பேச்செல்லாம் கல்யாணக் காவின் எழுதுற வரைக்கும்தான். அவக்குத் தங்கச்சி ஊடு இரிக்கிதானே, அங்க போய்க் கிடக்கட்டும். பின்னறைய ஆட்டுக்கு எடுக்கலாம். நம்மட ஆடு மழைக்குள்ள நனையிது."

"பாவம் கா..."

"சிரி கா, சிரி. எடுக்காள்."

ஹாஜறாவின் சிரிப்பு நின்றது. நானும் கையிலிருந்த வேலையை வைத்தேன்.

5. பாட்டுத் தெரிவு

கல்யாண வீடியோவில் உள்ளதை உள்ளபடி யாரும் கொடுப்பதில்லை. சத்தத்தை எடுத்துவிட்டு இஸ்லாமிய கீதம் போடுவோம். அதுதான் தொழில் முறை. அன்றும் அப்படிப் போட்டால், ஆட்டுக்கு மேலே கீதம் வந்து மூடிவிடும். யாருக்கும் தெரியாது. பெருநாள் முடிந்ததும் கதீஜா தன் வீட்டிலிருந்து வெளியே போவார்.

"கதீஜா ராத்தாக்கிட்டப் போய்ச் சொல்லுவமா?" என்று ஹாஜறா கேட்டாள்.

"கோள் சொல்றது பெரிய பாவம் புள்ள. கல்யாணம் முடிஞ்சி மருதாணி காயல்ல. ரெண்டு குடும்பமும் அடிபடும். அந்தப் புள்ளட வாழ்க்க என்னாகும்?"

"அப்ப அழிக்கப் போறீங்களா?"

"நாம இதக் கேட்டதே சரியில்ல."

"நாம எங்க கேட்ட? கமரா கேட்ட. நான் வீடியோ எண்டு சொல்லித்தான் எடுத்த. பொய் சொல்லல்ல, ஒளிச்சி எடுக்கல்ல." அவள் என் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள், "இது ஆருட சாமான்?"

"ஆருட எண்டா?"

"ஓர்டர் தந்த ஆருட?"

மாப்பிள்ளையுடையது. அவர் எங்களிடம் ஒப்படைத்த அமானிதம். அமானிதத்தைத் திருப்பிக் கொடுப்பதில் கோளும் இல்லை, களவும் இல்லை. அதோடு எங்கள் தொழிலில் இன்னொரு முறையும் உண்டு. எந்த இடத்துக்கு எந்தப் பாட்டு என்று ஓர்டர் தந்தவரைக் கூப்பிட்டுத்தான் கேட்போம்.

இரண்டு றக்அத் தொழுதுவிட்டு பைறூஸுக்குப் போன் எடுத்தேன். "மகன், பாட்டுத் தெரிவு செய்யணும். தனிய வாங்க."

அடுத்த நாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு வந்தார். புது மாப்பிள்ளைச் சேர்ட், கையில் பழப் பை. வேறு பெண்கள் வராதபடி, அவருடைய உம்மாவும் சாச்சியும் நிற்கிற துண்டை மட்டும் ஹாஜறா போட்டாள். நான் வழக்கம்போல முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தேன். பைறூஸ் சிரித்தார்.

"உம்மா என்ன ராத்தா, வேலிக்கட்ட மாதிரி நிக்கா!"

பிறகு சிரிப்பு இல்லை. துண்டு முடிந்தது.

"திருப்பிப் போடுங்க ராத்தா."

திருப்பிப் போட்டாள். "சிரி கா, சிரி. எடுக்காள்" என்று முடிந்தது.

"ஆட்டுக்கெண்டா சொன்ன?"

நான் திரும்பினேன். அந்தப் பிள்ளையின் காது சிவந்திருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் தொழில் கேள்விதான், அதைக் கேட்டேன்.

"இந்த இடத்துக்கு என்ன பாட்டுப் போடுவம் மகன்?"

அவர் பழப் பையை மேசையில் வைத்தார். "மத்த எல்லாத்துக்கும் உங்களுக்கு விருப்பமானதப் போடுங்க காக்கா. இந்தத் துண்டு கல்யாண வீடியோவில வேணா. தனியா ஒரு சீடியில தாங்க. பாட்டில்லாம."

சீடியில் எழுதிக் கொடுத்துவிட்டு, கணினியில் இருந்ததை அவர் கண் முன்னாலேயே அழித்தோம். அமானிதம் முடிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை அந்தச் சாச்சிதான் கல்முனைச் சந்தையில் ஹாஜறாவைப் பிடித்துச் சிரித்துச் சிரித்துச் சொன்னாராம். பைறூஸ் உம்மாவையும் சாச்சியையும் மட்டும் இருத்தி, "உம்மா, வீடியோ வந்திரிக்கி" என்று போட்டுக் காட்டியிருக்கிறார். உம்மா முதலில் தன் சேலையைப் பார்த்துச் சந்தோசப்பட்டாராம். பிறகு தன் குரல் கேட்டதும், "இது போட்டோதானே! போட்டோ எப்பிடிக் கதைக்கும்?" என்று கத்தினாராம். கமராக்காரிக்கு நரகம்தான் என்று ஏசிவிட்டு அழுதாராம். மகன் சீடியை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "ஆட்டுக்கூடு நானே அடிச்சுத் தாறன் உம்மா. உங்கட வளவுக்குள்ள" என்றாராம்.

பெருநாள் முடிந்தது. உறுதியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த முறை நான் அந்தப் பக்கம் போனபோது கதீஜாவின் பின்னறைக்குப் புதிதாக ஒரு கதவு, வெளியே சின்னத் தாழ்வாரம். பைறூஸ் ஏணியில் நின்று தகரம் அடித்துக்கொண்டிருந்தார். கதீஜா கீழே நின்று ஆணி எடுத்துக் கொடுத்தார். ஏன் மருமகன் இவ்வளவு அன்பாக இருக்கிறார் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. "அல்லாஹ் எனக்கு ஒரு மகனத் தந்திரிக்கான் தம்பி" என்றார். நான் ஓம் என்றேன்.

6. தம்பிமாருக்கு

இப்போதும் என்னிடம் கேட்கிறார்கள், "காக்கா, என்ன கமரா வாங்க? எத்தின மெகாபிக்சல்?" நான் சொல்வது இவ்வளவுதான். கையில் பிடித்துப் பார். உன் வீட்டு வெளிச்சத்தில் எடுத்துப் பார். பற்றரி உன் ஊரில் கிடைக்குமா என்று பார். பிறகு அதன் காது எங்கே என்று கேள். கண்ணைப் பற்றி எல்லாக் கடைக்காரனும் சொல்வான். காதைப் பற்றிச் சொல்ல மாட்டான், ஏனென்றால் அவனுக்கே தெரியாது. கமரா வாங்காதவர்களுக்கும் ஒன்று. மலக்குமார் என்ற வானவர்கள் இரண்டு பேர் தோளில் இருந்து எல்லாவற்றையும் எழுதுகிறார்கள் என்று சின்ன வயதிலிருந்து ஓதி வந்திருக்கிறோம். அதற்குப் பயப்படாதவர்கள் எல்லாரும் தட்டின் மூலையில் கிடந்த எட்டு மெகாபிக்சலுக்குப் பயந்துபோனார்கள். இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வெட்கமும் வருகிறது.

சில காலத்துக்குப் பிறகு சுலைஹா எங்கள் வீட்டுக்கு வந்தார். உம்றாவுக்கு மக்கா போக நிய்யத்தாம். கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். பெண்களுக்குப் படம் எடுக்கிற பெண் சுற்றுவட்டாரத்தில் ஹாஜறா ஒருத்திதான். வேறு வழியில்லாமல் வந்திருந்தார். ஹாஜறா கதிரையைப் போட்டு, ஸலாம் சொல்லி, தேத்தண்ணி கொடுத்தாள். பிறகு அதே வெள்ளிக் கமராவை எடுத்தாள். நான் அடுத்த அறையில் இருந்தேன்.

பிறகு, உதட்டை அசைக்காமல் கதைக்கிற அந்தக் குரல்.

"போட்டோவா, வீடியோவா?"

"போட்டோதான் மாமி."

"உண்மையாவா?"

"வல்லாஹி, போட்டோதான். பயப்படாமக் கதைங்க."

அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். கடவுச்சீட்டுப் படத்தில் வாய் மூடியிருக்க வேண்டும் என்பது சட்டம். வருகிற ஒவ்வொருவருக்கும் ஹாஜறா அதைச் சொல்லிச் சொல்லியே களைத்துப் போவாள். அன்று மட்டும் அவளுக்கு அந்த வேலை இருக்கவில்லை.